அவர் கேட்டதும் நான் எழுதியதும்

போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியமானவை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ரோடு போடும் வேலைக்கு மேஸ்திரியாக வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் பெங்காலி, பிறகு அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நான்கு மொழி வாயில் வந்தது. அதனால் வெளியூர்க் கூட்டங்களுக்கு அதிகாரிகள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். குறிப்பெடுக்கவும் நான்தான், மொழிபெயர்க்கவும் நான்தான். இரண்டு ஆள் செய்யும் வேலையை ஒருவன் செய்கிறான் என்று பாராட்டுவார்கள். அந்த ஒருவனை மட்டும் சமாளித்தால் போதும் என்ற வசதி அதில் இருந்தது எனக்கு வெகுநாள் புரியவில்லை. புரிந்த பிறகும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இந்தத் தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. டெல்லிக்கு ஒரே ஒரு எம்.பி. போவார். மற்றபடி எங்களை ஆள்கிறவர்கள் மெயின்லேண்டிலிருந்து இரண்டு மூன்று வருடப் போஸ்டிங்கில் வருவார்கள், பவளப்பாறை பார்ப்பார்கள், சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டுவார்கள், போய்விடுவார்கள். ஆனாலும் சில காரியங்களுக்கு மக்களின் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடற்கரையில் பெரிதாக ஏதாவது கட்டுவதென்றால் ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்க வேண்டும். நாங்களும் கேட்டோம். நான் போன கூட்டங்களில் ஒன்றில்கூட மக்கள் எதையும் வேண்டாமென்று சொன்னதாக எங்கள் கோப்புகளில் இல்லை. மாயாபந்தர் பக்கம் ஒரு கூட்டத்தில் நாற்காலி பறந்தது. அன்றைய குறிப்பில் ‘மக்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று இருக்கிறது. எழுதியவன் நான்.

நான் இங்கே சொல்ல வந்தது ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு நடந்த ஒரு கூட்டம். வண்டூர் தாண்டி ஒரு கடலோர ஊர். பெங்காலி விவசாயிகள், தெலுங்கு மீனவர்கள், கொஞ்சம் ராஞ்சிக்காரர்கள், ஏழெட்டுத் தமிழ் வீடுகள். அங்கே கடற்கரையை ஒட்டி ஒரு மெயின்லேண்ட் கம்பெனி ரிசார்ட் கட்ட அனுமதி கேட்டிருந்தது.

அப்போது எனக்கு மேல் இருந்த அதிகாரி மென்மையான மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை. தினமும் காலையில் ஓடுவார். அவர் நாற்காலிக்குப் பின்னால் அரசியலமைப்பின் முகப்புரை கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. கூட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் என்னை அழைத்து உட்காரச் சொன்னார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பைச் சொல்லிவிடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நாளைக்கு நடக்கப்போகும் கூட்டத்தின் குறிப்பு. தலைவர் வரவேற்றார், திட்டம் விளக்கப்பட்டது, பொதுமக்கள் சில ஐயங்களை எழுப்பினர், அவற்றுக்குத் தக்க விளக்கம் அளிக்கப்பட்டது, பொதுமக்கள் பெருமளவில் வரவேற்றனர். வந்தவர்கள் எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டுவிடச் சொன்னார். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. நாளைக்குத் திரும்பி வந்து தட்டச்சு செய்யும் வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பத்துபஸ்தியில் இருந்த என் வீட்டுக்குப் போய் மனைவியிடம், நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடுவேன் என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் எங்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஊருக்கு. திட்ட அறிக்கை செங்கல் கனத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது என்று அறிவிப்பில் போட்டிருந்தோம். வைத்திருந்தது போர்ட் பிளேரில், எங்கள் அலுவலக அலமாரியில். அந்த அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான். பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் ஒட்டியிருந்தார்கள். அந்த அலுவலகம் வாரத்தில் எந்த நாள் திறந்திருக்கும் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

வாசலில் ஒரு மேஜை. சமோசாவும் ஜிலேபியும் போட்ட பொட்டலம் வாங்க அங்கே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அந்தத் தாள்தான் பிறகு ‘திட்டத்துக்கு ஆதரவாகக் கலந்துகொண்டோர் பட்டியல்’ என்று கோப்பில் இணைந்தது. கைக்குழந்தைகளுக்கும் சேர்த்து இரண்டு மூன்று பொட்டலம் வாங்கிய தாய்மார்கள் இரண்டு மூன்று முறை ஆதரித்திருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர் ஒருவர் புரஜெக்டரில் படம் காட்டினார். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெளிறிய நீலத்தில் ஏதோ கோடுகள் ஓடின. அரை மணி நேரம் எல்லோரும் ஒன்றுமில்லாத வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சம்பளம் வாங்குகிறவன் அடக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

பிறகு அதிகாரி மைக்கைப் பிடித்து ஹிந்தியில் பேசினார். இது ஜனநாயக நாடு, இங்கே யாரும் பெரியவரில்லை, சிறியவரில்லை, ஒவ்வொருவரும் அவரவர் தாய்மொழியிலேயே பேசலாம், மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறோம் என்று என்னைக் காட்டினார். கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

முதலில் பேசிய மூவர், பிரதானும் அவர் ஆட்களும். பஞ்சாயத்துத் தலைவரை இங்கே பிரதான் என்போம். ரோடு வரும், வேலை வரும், நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார்கள். நான்காவதாக ஒரு பெண் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் துப்பட்டா. பஸ் நிற்கும் இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெண். கணவர் இறந்த பிறகு கடையை அவரே நடத்தினார். கூட்டத்துக்கு முன்னால் எனக்கு டீ கொடுத்து, நம்ம பக்கத்து ஆளா என்று விசாரித்தவர். ராமநாதபுரம் என்றதும் காசு வாங்க மறுத்தார்.

மைக் அருகே வந்து என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

“குழாய்ல மூணு நாளைக்கு ஒருக்காதான் பானி வருது. மார்ச், ஏப்ரல்ல அதுவும் இல்ல. அப்ப எங்களுக்குக் கடற்கரையில இருக்கிற குவாதான். அந்தக் குவா இவங்க போடுற வேலிக்கு உள்ள வருதா, வெளிய வருதா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க அண்ணே.”

கடலிலிருந்து கல்லெறியும் தூரத்தில், உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும் கிணறு அது. குவா என்றால் ஹிந்தியில் கிணறு. தீவில் தமிழர்களும் அப்படித்தான் சொல்வோம். கம்பெனியின் வரைபடத்தை நான் முந்தைய வாரமே பார்த்திருந்தேன். அதில் கிணறே இல்லை. அது இருந்த இடத்தில் நீச்சல் குளம் போட்டிருந்தார்கள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில், தண்ணீர் வசதி மேம்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார், சார் என்றேன்.

பயந்து சொல்லவில்லை. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எதையும் கொடுக்கவுமில்லை. அது என் கை பழகிய வேலை. ஒரு கேள்வியைக் கோரிக்கையாக மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கோரிக்கைக்கு உறுதிமொழி கொடுத்தால் போதும். இருபத்தேழு வருடமாக இந்த மக்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் நான் கோரிக்கைகளாக்கிக் கொண்டிருந்தேன். கேள்வி கேட்கும் ஜனங்களாக ஷாமியானாவுக்குள் வந்தவர்கள் கை நீட்டும் ஜனங்களாகக் கோப்புக்குள் போனார்கள்.

அதிகாரி கனிவாகத் தலையாட்டினார். திட்டம் வந்தால் ஊருக்கு எல்லா வசதியும் வரும், தண்ணீரும் வரும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நான் கேட்டது அது இல்லையே அண்ணே” என்றார்.

அதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அவர் எங்களுக்கு நன்றி சொன்னார். பிற்பகலில் அதிகாரிக்கு விமானம் இருந்தது. கூட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பினோம். முந்தைய நாள் எடுத்த குறிப்பில் எண்ணிக்கையை நிரப்பி, ‘பெண் ஒருவர் குடிநீர் வசதி கோரினார், ஆவன செய்வதாக உறுதியளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான் திருத்தம்.

ஆறேழு வாரம் கழித்து அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு அந்தக் குறிப்பின் நகலை வாங்கியிருந்தார். நகலில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தியவனும் நான்தான். என் மேஜை முன்னால் உட்கார்ந்து, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதுல நான் எங்க இருக்கேன், காட்டுங்க.”

காட்டினேன். படிக்கச் சொன்னார். தமிழில் படித்துச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“எனக்கு ஹிந்தி நல்லாத் தெரியும் அண்ணே. கடையில நாள் பூரா ஹிந்திதான். ஹிந்தில கேட்டிருந்தா அந்த சாஹிபுக்கு நேராவே புரிஞ்சிருக்கும். நம்ம ஆளு இருக்காரே, சரியாச் சொல்லுவாருன்னுதான் தமிழ்ல கேட்டேன்.”

காகிதங்களை அடுக்கினேன். அடுக்க வேண்டிய அவசியம் இல்லாத காகிதங்கள்.

தன் கேள்வி தவறாகப் பதிவாகியிருக்கிறது, திருத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. அவர் கையெழுத்துப் போட்டார். உள்வரும் தபாலில் பதிவு செய்து எண் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்த மனுவை நானே அதிகாரி முன் வைத்தேன். ஒரு வரி எழுதினார். அதை விரித்து, ‘ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட குறிப்பை மறுபரிசீலனை செய்ய விதிகளில் இடமில்லை’ என்று பதில் தட்டச்சு செய்தேன். மனுவை எழுதியவன், வாங்கியவன், பதிந்தவன், நிராகரித்துத் தட்டச்சு செய்தவன் எல்லாம் ஒரே ஆள். பதிலைத் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மட்டில் வேறொருவருக்கும் வேலை இருந்தது.

அந்த மழைக்காலம் முடிந்து பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கிணற்றைக் கேட்ட அந்தப் பெண் தன் வார்டில் நின்றார். ஊரே வோட்டுப் போட்டது. அவர் ஊர்ச் சாவடியை மாதிரிச் சாவடி என்று அறிவித்து, வாசலில் பலூன் கட்டி, முதல் முறை வோட்டுப் போடுகிறவர்களுக்குப் பூ கொடுத்தார்கள். வோட்டுப் போட வருகிறவர்கள் தாகத்தோடு நிற்கக்கூடாது என்று அன்றைக்குக் குடிதண்ணீர் லாரி வந்தது. மறுநாள் வரவில்லை. கையில் மை அழியும்வரையாவது வரும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அவர் ஜெயித்தார். பழைய பிரதான் தோற்றார். புதிய பஞ்சாயத்தின் இரண்டாவது கூட்டத்திலோ மூன்றாவதிலோ கிணற்றையும் அதற்குப் போகும் பாதையையும் வேலிக்கு வெளியே விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெங்காலி, தெலுங்கு, தமிழ், ராஞ்சி எல்லோரும் கை தூக்கிய தீர்மானம். பொட்டலம் கொடுக்காமல் வாங்கிய கையெழுத்துகள். அந்தத் தீர்மானம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, இனி என்ன செய்வார்கள் என்று எனக்கே ஒரு ஆர்வம் இருந்தது.

ஒன்றும் சிரமப்படவில்லை. பதிலை அதிகாரி நின்றுகொண்டே சொன்னார். கடற்கரை நிலம் பஞ்சாயத்தின் அதிகாரத்துக்குள் வராது. தவிர, இந்த விஷயத்தில் பொதுமக்களின் கருத்து ஏற்கெனவே முறைப்படி கேட்கப்பட்டுவிட்டது; அவர்கள் பெருமளவில் வரவேற்றிருக்கிறார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் சொல்வதை, மக்களே சொன்னதாக நான் எழுதியதை வைத்து அடித்தார்கள். நான் எழுதிய வரிக்கு முன்னால் ஊர் தூக்கிய கை ஒன்றுமில்லாமல் போயிற்று. அதையும் நானே தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தார். ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பு தவறு என்று மொழிபெயர்த்தவரே எழுதிக் கொடுத்தால் வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

“ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க அண்ணே. அவங்க கேட்டது இது, நான் சொன்னது இதுன்னு. அது போதும்.”

“பென்ஷன் இருக்கும்மா” என்றேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ பிஸ்கட் கேட்கும் சத்தம் வந்தது. அவர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எழுதிக் கொடுத்திருந்தால் பென்ஷன் போயிருக்குமா என்று பிறகு ஒரு நண்பரிடம் விசாரித்தேன். போயிருக்காது, ஒரு மெமோ வந்திருக்கும் என்றார். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

வேலி வந்தது. சிமெண்ட் தூண், முள்கம்பி, இரும்புக் கேட். கிணறு உள்ளே போயிற்று. அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. அதோடு கம்பெனியும் வேலையை நிறுத்திக்கொண்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ரிசார்ட் வரவில்லை, ரோடு வரவில்லை, வேலை வந்தது ஒரே ஒரு காவலாளிக்கு. அதிகாரி மாற்றலாகி மெயின்லேண்ட் போனார். மக்கள் பங்கேற்பு பற்றி அங்கே ஏதோ பயிற்சியில் வகுப்பெடுக்கிறார் என்று கேள்வி. நன்றாகவே எடுப்பார், குரல் இனிமையானது.

நான் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

அடுத்த மார்ச்சில் ஒருநாள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வண்டூர் பஸ்ஸில் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லமாட்டேன். கடையில் அவர் இல்லை. பக்கத்தில் கேட்டபோது தண்ணீருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கடற்கரைக்கு நடந்தேன்.

கடல் வற்றியிருந்தது. வேலி கடல் விளிம்போடு நின்றுபோயிருந்தது. அலை விலகும் நேரத்தில் கடைசித் தூணைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் நடந்தால் உள்ளே போய்விடலாம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். காவலாளி கேட்டருகே முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரிசாக்காரர் என்றும், அவர் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான் என்றும் பிறகு தெரிந்தது. அலை ஏறும் நேரம் தெரிந்து அதற்குள் ஊர் முழுக்கத் தண்ணீர் எடுத்தாக வேண்டும். வார்டு உறுப்பினரும் வரிசையில்தான் நின்றார். நானும் பேண்ட்டை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தூணைச் சுற்றி உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் பெரிதாக மாற்றமில்லை. இரண்டு குடம் நிரம்பியிருந்தது. ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டார். மற்றதைக் காட்டினார்.

“சும்மாதான நிக்கிறீங்க. அதைத் தூக்குங்க.”

செருப்பைக் கையில் எடுக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டு, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மறுபடி கடலுக்குள் இறங்கினேன். அடியில் பவளக்கல் குத்தியது. தூணைச் சுற்றும்போது ஒரு அலை தொடைவரை வந்தது. பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த ஒரு பெங்காலிக் கிழவி, மூடியில்லாத குடத்தை இப்படிச் சாய்த்தால் என்ன மிஞ்சும் என்று ஹிந்தியில் அதட்டினாள். பஸ் ரோட்டுக்கு வந்ததும் கடைக்காரப் பெண் நான் சுமந்த குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். கடல் தண்ணீர் கலந்துவிட்டதா என்று விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

“கரிக்குது” என்று சொல்லி, தன் குடத்தைக் கடைக்குள் இறக்கி வைத்தார். என் குடத்தில் மிஞ்சியதைக் கடை வாசலில் இருந்த முருங்கைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு மறுபடியும் கடற்கரைப் பக்கம் நடந்தார். அலை ஏற இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.